முகூர்த்தப் பட்டு: பிளவுஸில் கோட்டை விடாதீர்கள்

தை முகூர்த்தங்களுக்காக மார்கழியில் தையல் கடைகள் நிரம்பும்போது வருடா வருடம் இதே கதைதான். முப்பதாயிரத்துக்குக் காஞ்சிபுரம் பட்டு, பிளவுஸில் எட்டாயிரத்துக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் எம்ப்ராய்டரி). கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் போட்டுப் பார்த்தால், பிளவுஸ் கை முழங்கையைத் தாண்டி ஏறாது. நிறம் பொருந்துகிறதா, ஜரிகை அசலா என்பதையெல்லாம் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். பார்க்காமல் விடுவது வேறு.

மாதிரி பிளவுஸ் தைக்காமல் ஆரி வேலைக்குக் கொடுப்பது

புடவையோடு வரும் பிளவுஸ் துணி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். அது போனால் போனதுதான். அதே சாயத்தில், அதே கரையில் இன்னொரு துண்டு கிடைப்பது அரிது. இருந்தும் பலர் பழைய பிளவுஸ் ஒன்றை அளவுக்குக் கொடுத்து, "பின்கழுத்து மட்டும் இன்னும் ரெண்டு இன்ச் இறக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பின்கழுத்து இறங்கினால் தோள்பட்டை வெளியே சரியும். அதற்கேற்ப தோள் அகலத்தைக் குறைத்து வெட்ட வேண்டும். பழைய தோள் அளவிலேயே கோடு போட்டு, அதைச் சுற்றி மணியும் கல்லும் ஜர்தோஸியும் (உலோகக் கம்பி வேலை) நிரப்பிய பிறகு திருத்த வழி இல்லை. சாதாரண பிளவுஸில் அரை இன்ச் பிடிப்பது ஐந்து நிமிட வேலை. ஆரி வேலை செய்ததில் பிடித்தால் கொடி டிசைன் பாதியில் மடிந்து போகும். பிரித்துவிட்டால் வேலைப்பாடு இல்லாத வெறும் துணி பட்டையாகத் தெரியும். பணம் போனதோடு, அந்தப் பெண் முகூர்த்தம் முழுக்கத் தோளை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பாள். பார்க்கவே மனசு கேட்காது.

தடுக்க ஆகும் செலவு ஒரு மீட்டர் லைனிங் துணியும் தையல் கூலியும்தான். கல்யாணத்துக்கு 45 நாள் முன்பு, அன்று போடப்போகும் உள்ளாடையோடு அளவு கொடுங்கள். நனைத்துக் காயவைத்த பருத்தி லைனிங்கில், கழுத்தும் கையும் நினைத்தபடியே வைத்து ஒரு மாதிரி பிளவுஸ் தைக்கச் சொல்லுங்கள். அதை அரை மணி நேரம் போட்டிருங்கள். மாலை மாற்றுவதுபோல இரண்டு கையையும் தூக்குங்கள், சம்மணமிட்டு உட்காருங்கள், கும்பிட்டு எழுவதுபோல முன்னால் குனியுங்கள். கையைத் தூக்கும்போது பிளவுஸும் கூடவே மேலே ஏறினால், பெரும்பாலும் கைக்குழி இறக்கமாக வெட்டப்பட்டிருக்கும். "இறுக்குது, இன்னும் கொஞ்சம் இறக்குங்க" என்று சொன்னால் கோளாறு கூடும். கைக்குழியை மேலே ஏற்றி, கையின் மேல்பகுதியில் துணி கூட்ட வேண்டும்.

சரியான மாதிரியைப் பிரித்துப் பட்டில் வைத்து வரைந்த பிறகே வேலைப்பாடு. கழுத்துக் கோட்டிலிருந்து கால் இன்ச் தள்ளி மணி தொடங்கட்டும். இல்லையென்றால் தையல் மிஷின் பாதம் மணியை உடைக்கும். கையின் அடித்தையலுக்கு இருபுறமும் ஒன்றரை இன்ச் வேலை இல்லாமல் விடுங்கள். கொஞ்சம் பிடிக்கவும் பிரிக்கவும் அந்த இடம்தான் கைகொடுக்கும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித்தான் ஆரி போடுகிறார்கள். இறக்கியதும் துணி சற்றுச் சுருங்கும், நெருக்கமான வேலை என்றால் கூடுதலாகவே சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன் மாதிரியை இன்னொரு முறை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத் தையலில் உள்ளே ஒரு இன்ச்சாவது துணி இருக்கட்டும்.

வேலைப்பாட்டைத் தெரியாத இடத்தில் கொட்டுவது

முன்கழுத்தை மாலை மறைக்கும். முதுகைப் பூ வைத்த ஜடை மறைக்கும். எல்லாப் போட்டோவிலும் தெரிவது கைதான். பின்கழுத்தின் மேல் விளிம்பில் எழும்பி நிற்கும் கல் வைத்தால், தாலி கட்டும் நேரத்தில் தலைமுடியும் மஞ்சள் கயிறும் அதில் சிக்கும். அங்கே தட்டையான நூல் வேலை போதும். மேற்கையில் வங்கி நகை போடுவதாக இருந்தால் அது உட்காரும் இடத்தில் கல் வேண்டாம், குத்தும். கையின் கீழ்ப்பகுதியில் நான்கு இன்ச்சுக்குள் வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை நீளம்

மேற்கையின் பருத்த இடத்தில் கையை முடித்தால் கை இன்னும் பருமனாகத் தெரியும். முழங்கைக்கு ஒரு இன்ச் மேலே இறக்குங்கள்.

பெரிய கரை மோகம்

ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குக் கீழே உயரம் உள்ளவர்களுக்குப் பத்து இன்ச் கரை, காலில் பாதியை விழுங்கிவிடும். நான்கிலிருந்து ஆறு இன்ச் போதும். கடையில் தோளில் போட்டுக் காட்டும்போது இது தெரியாது. எழுந்து நின்று, இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடியிலிருந்து எட்டடி தள்ளிப் பாருங்கள்.

உடம்பு முழுக்க ஜரிகை

உடம்பு முழுக்க ஜரிகை ஓடும் டிஷ்யூ பட்டின் மேல் தங்க ஆரம் போட்டால் ஆரம் தெரியாது. புடவை விறைப்பாக நிற்பதால் இடுப்பும் அகலமாகத் தெரியும்.

மாதக்கணக்கில் முன்பே பாக்ஸ் ஃபோல்டிங் (கொசுவமும் முந்தானையும் மடித்து அயர்ன் செய்து வைப்பது)

வேண்டாம். மடிப்பில் ஜரிகை உடையும். இரண்டு நாள் முன்பு போதும்.

செருப்போடு உயரம் பார்ப்பது

மணவறையில் வெறுங்கால். ஹீல்ஸ் போட்டு நின்று கொசுவத்தின் உயரம் வைத்து அயர்ன் செய்துவிட்டால், அன்று புடவை தரையில் புரளும், அக்னியை வலம் வரும்போது காலில் மிதிபடும். முகூர்த்தப் புடவைக்கு வெறுங்காலில் நின்று, கரை கணுக்காலுக்குக் கீழே பாதத்தைத் தொடும்படி வையுங்கள். ரிசப்ஷன் புடவைக்குத்தான் ஹீல்ஸ் கணக்கு.