மங்கோலிய உயிரொலி வரலாறு: எழுத்தை ஒலியென்று எண்ணும் தவறும் அதன் கிளைகளும்

மங்கோலிய மொழிகளின் உயிரொலி மாற்றங்களைப் படிக்கப் புகுவோர் பெரும்பாலும் சறுக்குவது, மேலிருந்து கீழாக எழுதப்படும் பழைய எழுத்தை ஒலியின் நேர்ப் பதிவாகக் கொள்ளும் இடத்தில்தான். ஒகரத்துக்கும் உகரத்துக்கும் ஒரே வடிவம் தரும் எழுத்து அது.

அவ்வெழுத்தில் 'பகதுர்' என்றிருக்கும், வீரன் எனப் பொருள்படும் சொல், மங்கோலியா நாட்டின் முதன்மை மொழியான இன்றைய கால்காவில் 'பாத்தர்' ஆகியிருக்கிறது. உலான்பாத்தர் என்ற தலைநகர்ப் பெயரின் பின்பகுதி அதுவே. ககரம் ஒரே தாவலில் மறைந்து நெடில் பிறந்ததாக எழுதிவிடக் கூடாது. சீன எழுத்துகளில் ஒலிபெயர்க்கப்பட்ட 'மங்கோலியரின் இரகசிய வரலாறு' என்ற பழைய நூல் இச்சொல்லை 'பஅதுர்' என இரண்டு உயிர்களும் தனித்து நிற்கும்படி காட்டுகிறது. ஒன்றிணைந்தது அதன் பின்னரே. (பாரசீகம் வழியாக நம்மிடம் வந்த 'ராவ் பகதூர்' பட்டத்தில் அந்த மெய்யின் சுவடு இன்னும் ஒலிக்கிறது.) ஆனால் உயிர்களுக்கிடையே நின்ற ககரமெல்லாம் மறைந்தது என்று விதி செய்வதும் பிழை: சிறியது எனப் பொருள்படும் 'பக' இன்றும் தன் ககரத்தை விடவில்லை.

முதலசை இகரம் அடுத்த அசையின் உயிரைப் பின்பற்றி மாறியதையும் இவ்வாறே பொதுமைப்படுத்துகிறார்கள். இறைச்சியைக் குறித்த 'மிகன்' கால்காவில் 'மஹ்' ஆயிற்று, உண்மைதான். ஆயிரத்தைக் குறித்த 'மிங்கன்' அங்கே 'மியங்க' ஆனது. வோல்காவை ஒட்டிய கல்மிக் மொழியிலோ இந்த ஆயிரச் சொல்லின் இகரம் அப்படியே நிற்கிறது. ஆகவே இம்மாற்றத்தை இம்மொழிகளுக்கெல்லாம் தாயான மூலமொழிக்கே ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

இவற்றினும் நுட்பமானது உயிரிசைவு, அதாவது ஒரு சொல்லின் உயிர்கள் ஒரே வகையைச் சேர்ந்து நிற்கும் ஒழுங்கு. கால்காவில் இரண்டு புள்ளியிட்ட உகரமாக ரோமன் எழுத்தில் பெயர்க்கப்படும் ஒலி உண்மையில் நா முன்னே வந்து பிறக்கும் முன்னுயிர் அன்று. அது நம் உகரத்தை ஒட்டியதே, நாவடியின் (நாவின் வேர்ப்பகுதியின்) நிலையால்தான் மற்ற உகரத்திலிருந்து வேறுபடுகிறது. கல்மிக்கில் அது மெய்யாகவே முன்னுயிர். இவற்றுள் எது பழைய நிலை? முன்-பின் இசைவே மூத்தது, கால்கா பின்னர் மாறியது என்று மொழியியலாளர் ஸ்வாண்டெசன் 1985-இல் வாதிட்டார். நாவடி இசைவே மூத்தது என்போரும் உண்டு. தீராத வழக்கைத் தீர்ப்பாக எழுதுவது மாணவருக்குச் செய்யும் தீங்கு என்பேன்.

கால்காவை மட்டும் சாட்சிக்கு அழைப்பதும் ஆபத்தே. நாள் எனப் பொருள்படும் சொல் அங்கே இதழ்குவி ஒகரவகை உயிரோடு தொடங்க, பைக்கால் ஏரிப் பகுதியின் புரியாத் மொழியில் உகரவகையோடு தொடங்குகிறது. புரியாத்தில் அவ்விரு குறில்களும் ஒன்றாகிவிட்டன.