ஜப்பான் பள்ளிகளுக்குப் பயிற்சிக்குப் போகும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து இரண்டு இளம் ஆசிரியைகள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் மலேசியத் தமிழ்ப்பள்ளியில் பணிபுரிபவர்கள். ஜப்பானிய அரசின் ஆசிரியர் பயிற்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். "எவ்வளவு தடிப்பா குளிர்சட்டை வாங்கணும், டீச்சர்?" என்பதுதான் முதல் கேள்வி. குளிர்சட்டையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அன்று அவர்களிடம் நான் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே உதவித்தொகையில் போனபோது பெரும்பாலும் நானே செய்த தவறுகள்.

முதல் தவறு, போகும் திட்டம் என்னவென்று படிக்காமல் போவது. மெக்ஸ்ட் எனப்படும் ஜப்பானியக் கல்வி அமைச்சு தரும் இந்த உதவித்தொகை, குறைந்தது 5 ஆண்டு பணியனுபவம் உள்ள, 35 வயதுக்குட்பட்ட ஆசிரியர்களுக்கானது. அக்டோபரில் தொடங்கி ஒன்றரை ஆண்டு. முதல் ஆறு மாதம் மொழி வகுப்பு. அதன்பின் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் ஆய்வு. பள்ளிகளுக்குப் போய் வகுப்புகளைப் பார்ப்பது அதன் ஒரு பகுதி. முடிவில் கிடைப்பது பட்டம் அல்ல, நிறைவுச் சான்றிதழ். இதை அறியாமல், போன மறுவாரமே ஒரு வகுப்பு என் கையில் இருக்கும் என்று நம்பினேன். அந்த ஏமாற்றத்தில் மொழி வகுப்பை ஒரு தடையாகவே நினைத்து முதல் மூன்று மாதத்தை வீணாக்கினேன். மொழி இல்லாமல் வகுப்பறையில் உட்கார்ந்தால் பிள்ளைகள் எதற்குச் சிரித்தார்கள் என்றுகூடத் தெரியாது. ஹிராகனா, கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்து வகைகள் இரண்டையும் பினாங்கிலேயே கற்றுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

அவர்களுடைய பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நீங்கள் போய் இறங்கும்போது அங்கே பாதி ஆண்டு ஓடியிருக்கும். ஒரே வகுப்பை முதல் நாளிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் அடுத்த ஏப்ரல்தான் வாய்ப்பு. அதற்கான பள்ளியைக் குளிர்காலத்திலேயே பேராசிரியரிடம் பேசி வையுங்கள்.

இரண்டாவது தவறு, நம் பள்ளியைப் பற்றி நமக்கே தெரியாமல் போவது. "உங்கள் பள்ளியில் எந்த மொழியில் கணிதம் கற்பிக்கிறீர்கள்?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். தமிழ் என்றேன். "அப்படியானால் இடைநிலைப்பள்ளியில்?" மலாய் என்றேன். அவர் முகத்தில் அடுத்தடுத்துக் கேள்விகள் தோன்றின. என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்று மூன்று வகைத் தொடக்கப்பள்ளிகள் ஏன் இருக்கின்றன, 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பு எப்படி இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக வளர்ந்து நிற்கிறது, ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்ட பிறகு பிள்ளைகளை எப்படி மதிப்பிடுகிறோம் என்பதையெல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லத் தயாராக இருங்கள். சிலர் நாட்டைக் குறை சொல்லியே தொடங்குவார்கள், சிலர் பெருமை மட்டுமே பேசுவார்கள். கேட்கிறவருக்கு இரண்டாலும் பயனில்லை.

இனி வகுப்பறை. நம்மில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான்.

நான் பார்த்த முதல் கணித வகுப்பு நான்காம் ஆண்டு. முழங்கை போல் மடிந்த ஒரு வடிவத்தின் பரப்பளவைக் கண்டுபிடிக்க வேண்டும். 45 நிமிடத்துக்கும் அந்த ஒரே கணக்குதான். ஆசிரியர் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு, ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேசைகளுக்கு இடையே பேசாமல் நடந்தார். 30 நிமிடப் பாடவேளையில் பயிற்சிநூலில் இரண்டு பக்கம் முடித்துப் பழகிய எனக்கு அது பொறுக்கவில்லை. "ஆசிரியர் கற்பிக்கவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வரியை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளில்தான் பாடம் இருந்தது. எந்தப் பிள்ளை எந்த வழியில் போகிறது, யாரை முதலில் பலகைக்கு அழைப்பது, யாரை அதற்கடுத்து அழைப்பது என்று குறித்துக்கொண்டே நடந்திருக்கிறார். பிறகு ஒருத்தி வடிவத்தைச் செங்குத்தாக வெட்டினாள். இன்னொருவன் கிடையாக வெட்டினான். மூன்றாமவன் முழுச் செவ்வகமாக்கி, இல்லாத பகுதியைக் கழித்தான். தவறாகப் போன ஒரு விடையும் பலகையில் ஏறியது. பாடம் முடியும்வரை எதையும் அழிக்கவில்லை. இடமிருந்து வலமாகப் பார்த்தால் வகுப்பு நினைத்த வழி முழுவதும் தெரிந்தது. பலகையை இப்படித் திட்டமிட்டு எழுதுவதை பன்ஷோ என்கிறார்கள். விடைகளை ஒப்பிட்டுப் பேசும் கட்டத்துக்குப் பெயர் நெரியாகே; மாவைப் பிசைந்து பதத்துக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதனால் சொல்கிறேன், முதல் மாதத்தில் நீங்கள் பார்ப்பதை மட்டும் எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள்.

பாட ஆய்வு என்று ஒன்று உண்டு, ஜுக்யோ கென்க்யூ. ஓர் ஆசிரியர் கற்பிக்க, மற்ற ஆசிரியர்கள் சுற்றிலும் நின்று பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். நாசிர் எனப்படும் பள்ளி ஆய்வாளரின் வருகைக்கும் தலைமையாசிரியரின் உற்றுநோக்கலுக்கும் பழகிய நாம் அதைப் புள்ளி போடும் வேலையாக எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பேச்சில் நான் ஆசிரியரின் குரலையும் உடல்மொழியையும் பாராட்டினேன். அறை அமைதியாகிவிட்டது. அவர்கள் பேசிக்கொண்டிருந்தது மூன்றாவது வரிசைப் பையன் எந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினான் என்பதைப் பற்றி. அங்கே போனால் ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, பாடம் முழுக்க அந்தப் பிள்ளையின் கையைப் பாருங்கள்.

சிறிய விஷயங்கள் சில. பிள்ளைகளைப் படமெடுத்து உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். பள்ளியின் அனுமதி இல்லாமல் கைப்பேசியைத் தூக்கவே வேண்டாம். மதிய உணவைப் பிள்ளைகளே பரிமாற, ஆசிரியரும் வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். அதுவும் கல்வியின் பகுதிதான். சைவம் உண்பவர்கள், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காய்கறி சூப்பிலும் மீன் சாறு இருக்கலாம்.

நான் செய்ததில் பெரிய தவறு, திரும்பி வந்த பிறகு செய்தது. ஜப்பானில் பிள்ளைகள் தினமும் வகுப்பறையைத் துப்புரவு செய்வார்கள். வேலையாள் இல்லாததால் அல்ல, பராமரிப்புக்கு ஊழியர் உண்டு. தன் இடத்தைத் தான் பேணுவது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பினாங்குக்கு வந்த முதல் வாரமே ஆண்டு 4 பிள்ளைகளின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஓர் அம்மா வந்தார். கோபப்படவில்லை, மெதுவாகத்தான் பேசினார்.

"எங்க பாட்டி தோட்டத்துல கூட்டுனாங்க. எங்கம்மா ஆஸ்பத்திரியில கூட்டுனாங்க. இவ கையில பென்சில்தான் இருக்கணும்னு அனுப்புறேன், டீச்சர்."

எனக்குப் பதில் வரவில்லை. தோட்டத்திலும் நகராண்மைக் கழகத்திலும் துப்புரவு வேலை செய்த தலைமுறைகள் நம் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கின்றன. ஜப்பானியக் குழந்தையின் கையில் உள்ள துடைப்பமும் இந்தப் பிள்ளையின் கையில் உள்ள துடைப்பமும் ஒன்றல்ல. ஆசிரியர், மாணவர், வசதியான வீட்டுப் பிள்ளை என்று எல்லாரும் சேர்ந்து பல ஆண்டுகள் செய்து வந்த இடத்தில்தான் அது பாடமாகும். நானோ அதை ஓர் உத்தரவாகப் போட்டேன், பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதினைந்து வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் 2022 பீசா ஆய்வில் கணிதத்தில் ஜப்பான் 536, மலேசியா 409. இந்த எண்களைச் சொல்லிவிட்டு, அங்கே பார்த்த ஏதோ ஒரு பழக்கம்தான் காரணம் என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். நானும் பேசியிருக்கிறேன். மாலையில் பிள்ளைகள் போகும் ஜுக்கு என்ற டியூஷன் மையங்களை அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை.

துடைப்பத்தை எடுத்து வைத்துவிட்டு, பலகையைக் கையிலெடுத்தேன். வாரத்தில் ஒரு நாள், இரண்டு பாடவேளை சேர்த்து வரும் கணித வகுப்பில், ஒரே கணக்கு, அழிக்காத பலகை. இதற்குச் செலவும் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை. முதலில் பிள்ளைகள் "சரியான விடை எது, டீச்சர்?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு வாரம் கழித்து அந்த அம்மாவின் மகள் எழுந்து வந்து, "நான் வேற மாதிரி வெட்டுனேன், எழுதட்டா?" என்றாள். கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன்.