படகில் ஷவர் தட்டு: தேர்வு செய்வதும் பொருத்துவதும்

வீட்டுக் குளியலறையில், ஷவருக்கு அடியில் நாம் நின்று குளிக்கும் தட்டில் விழும் நீர் தானாகவே கீழிறங்கிக் கழிவுக் குழாய்க்குள் போய்விடும். படகில் குளியலறைத் தரை பெரும்பாலும் வெளிநீர் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், தட்டில் சேரும் நீரையெல்லாம் பம்ப் வைத்து மேலே ஏற்றித்தான் வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே தட்டின் நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பதற்கு முன்பாக, நீர் எந்த மூலையில் சேரும், எந்தப் பம்ப் அதை உறிஞ்சும், ஹோஸ் எந்த வழியாகச் சென்று எங்கே வெளியேறும் என்பனவற்றை முடிவு செய்துகொள்வதே சரியான வரிசை. தட்டை முதலில் வாங்கிவிட்டால், அதன் வடிகால் துளை சரியாகத் தரைத் தாங்கி (தரையைச் சுமக்கும் குறுக்குக் கட்டை) ஒன்றின் மேல் வந்து உட்காரும்போது, தாங்கியை வெட்டுவதா, தட்டைத் திருப்பிக் கொடுப்பதா என்ற தர்மசங்கடம்தான் மிஞ்சும். தாங்கியை வெட்டுவது எக்காரணம் கொண்டும் கூடாது.

வாட்டம்

கடையில் கிடைக்கும் தட்டுகள் எல்லாவற்றிலும் வடிகாலை நோக்கி ஒரு வாட்டம் வார்ப்பிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். சமதளத்தில் வைத்தால் நீர் வடிந்துவிடும் என்பது அதன் கணக்கு. படகோ சமதளத்தில் மிதப்பதில்லை. 15 மீட்டர் நீளமுள்ள ஒரு படகின் பின்பகுதி, முன்பகுதியை விட 15 செ.மீ. தாழ்ந்து மிதக்கிறது என்று கொள்வோம். அது நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு, 80 செ.மீ. நீளமுள்ள தட்டில் அது 8 மி.மீ. ஆகிறது. தட்டின் சொந்த வாட்டம் எண்பதுக்கு ஒன்று என்றால் அதே தூரத்துக்கு 10 மி.மீ.தான். வடிகால் படகின் முன்பக்கம் நோக்கி அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, மிஞ்சுவது வெறும் 2 மி.மீ. சோப்பு நுரை கலந்த நீர் அந்தச் சரிவில் நகரவே நகராது. பின் மூலையில் தேங்கி நிற்கும்.

எனவே வடிகால், படகு ஓய்வில் மிதக்கும்போது தாழ்ந்திருக்கும் பக்கத்தில் வர வேண்டும். எது தாழ்ந்த பக்கம் என்பதை ஒருமுறை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. 600 லிட்டர் நன்னீர்த் தொட்டி முன்பகுதியில் இருந்தால், அது நிரம்பியிருக்கும்போது 600 கிலோ எடை அங்கே உட்கார்ந்திருக்கிறது. காலியாகக் காலியாக முன்பகுதி எழும்பும். தொட்டி நிறைந்த நிலையிலும் குறைந்த நிலையிலும் தரையில் ரசமட்டம் வைத்து, குமிழி எவ்வளவு நகர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டுச் சாய்வையும் அதே போல் பார்க்க வேண்டும். படகு கரையில் ஏற்றித் தாங்கிகள் மீது நிற்கிறது என்றால் அப்போது ரசமட்டம் காட்டும் அளவால் எந்தப் பயனும் இல்லை. வெளிப்புறத்தில் நீர் தொட்டு நின்ற கோட்டை ஆதாரமாக வைத்து, அதற்கு இணையாக உள்ளே அளவெடுக்க வேண்டும். ஓடும்போது ஏற்படும் சாய்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, பெரும்பாலோர் குளிப்பது படகு கட்டி நிற்கும்போதுதான். பாய்மரப் படகில் சாய்ந்தபடியே குளிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும், இரு பக்க மூலைகளிலும் இரண்டு வடிகால்கள் உள்ள தட்டு ஏற்றது.

அளவு

தரையில் 80 செ.மீ. இடம் இருக்கிறது என்பதாலேயே 80 செ.மீ. தட்டு பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. பல படகுகளில் கேபின் சுவர் மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்கிறது, சிலவற்றில் படகின் உடல் கீழே குறுகுகிறது. முதல் வகையில் பாதத்துக்கு இடம் இருக்கும், தோளுக்கு இருக்காது. எனவே பாதத்திலும் தோள் உயரத்திலும் தலை உயரத்திலும் தனித்தனியே அளக்க வேண்டும். உயரத்தைக் கணக்கிடும்போது தட்டின் தடிமனோடு, அதன் கீழே வடிகால் பொருத்திக்கும் ஹோஸ் வளைவுக்கும் தேவையான இடத்தையும் சேர்க்க வேண்டும். வீடுகளுக்கான நீரடைப்பு வளைவுடன் கூடிய வடிகால்கள் தட்டுக்குக் கீழே வெகு ஆழம் இறங்குபவை. அவற்றுக்காகத் தட்டை உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும். கேரவன்களுக்கென்று விற்கப்படும், பக்கவாட்டில் ஹோஸ் இணையும் தட்டையான வடிகால்கள் படகுக்கு நன்றாகப் பொருந்துகின்றன.

விளிம்பு உயரத்தில் சிக்கனம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 80க்கு 80 செ.மீ. தட்டில் ஒரு செ.மீ. உயரத்துக்கு 6.4 லிட்டர் நீர் கொள்ளும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஊற்றும் ஷவரில், பம்ப் நின்றுபோனால், 25 மி.மீ. உயரமுள்ள நவீனத் தட்டு மூன்று நிமிடம் முடிவதற்குள் வழிந்துவிடும். தலையில் ஷாம்பூவோடு கண்ணை மூடி நிற்பவருக்கு அது தெரியப்போவதில்லை. அருகில் வேறொரு படகு வேகமாகக் கடந்தால் எழும் அலையில் நீர் அதற்கும் முன்பே விளிம்பைத் தாண்டும். நான்கு பக்கமும் மேல்நோக்கி மடிந்த விளிம்புள்ள, 70 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமுள்ள பழைய பாணித் தட்டே படகுக்கு உகந்தது.

பொருள்

கல்தூளும் பிசினும் கலந்து வார்த்த தட்டு அசையாது, வளையாது, மிதித்தால் ஓசை எழுப்பாது. ஆனால் 80 செ.மீ. சதுரத் தட்டே 30 கிலோவை ஒட்டி இருக்கும். குளியலறை ஒரு பக்கமாக அமைந்த சிறு படகில் அந்த எடை சாய்வாகத் தெரியும். கனமான எஃகுப் படகில், எதிர்ப்பக்கம் நிலைப்பாரத்தை (படகு நிலையாக மிதக்க அடியில் வைக்கும் எடையை) சற்று நகர்த்திச் சரிசெய்துகொள்ள முடியும் என்றால் அதை வைக்கலாம். அடியில் ஃபைபர் கிளாஸ் பூசி வலுப்படுத்திய அக்ரிலிக் தட்டு அதை விட எடை மிகக் குறைவு. பெரும்பாலான படகுகளுக்கு என் பரிந்துரை இதுவே, ஒரே நிபந்தனை அடிப்பரப்பு முழுவதும் தாங்கப்பட வேண்டும் என்பது. கேரவன் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் தட்டுகள் மலிவானவை. தாங்கல் இல்லாத இடத்தில் குதிகால் பட்டால் விரிசல் விடுகின்றன. இடம் ஒழுங்கற்ற வடிவில் இருந்தால், பிளைவுட்டில் தேவையான வடிவத்தையும் வாட்டத்தையும் செய்து அதன் மேல் எபாக்சிப் பிசினும் கண்ணாடி இழைத் துணியும் பூசித் தட்டைத் தாமே உருவாக்கிக்கொள்வதும் நடைமுறையில் உள்ளதுதான். வேலை அதிகம், ஆனால் வாட்டமும் வடிகாலின் இடமும் முழுக்க நம் கையில்.

பம்பும் ஹோஸும்

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், தட்டுக்குக் கீழே ஒரு சிறு பெட்டி. நீர் அதற்குள் வடிந்து, மிதவை ஸ்விட்ச் உயர்ந்ததும் உள்ளேயே இருக்கும் மையவிலக்குப் பம்ப் அதை வெளியேற்றும். தானாக இயங்குவது இதன் வசதி. முடியும் சோப்புப் படிவும் மிதவையைப் பிடித்துக்கொள்வது இதன் தீராத நோய். பெட்டியில் எப்போதும் சிறிது நீர் தங்கி நாறும் என்பதையும் மறந்துவிடலாகாது. போதாக்குறைக்கு, பெட்டி தட்டை விடத் தாழ்வாக இருந்தாக வேண்டும் என்பதால் ஆழமில்லாத படகுகளில் அதற்கு இடமே கிடைப்பதில்லை. இரண்டாம் வழியில், டயாஃப்ரம் பம்ப் (உள்ளிருக்கும் ரப்பர்ச் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து நீரை இழுக்கும் வகை) ஒன்று தட்டின் வடிகாலிலிருந்து நேரடியாக உறிஞ்சும். அது தானே காற்றை இழுத்து வெளியேற்றி நீரைப் பிடித்துக்கொள்ளக் கூடியது என்பதால் தட்டை விட உயரத்தில், கைக்கு எட்டும் அலமாரிக்குள் வைக்கலாம். சிறிது நேரம் வறண்டு ஓடினாலும் கெடுவதில்லை. அது எழுப்பும் கடகட ஓசை ஒன்றே குறை. ரப்பர்ப் பாதங்கள் மீது வைத்தால் அதுவும் பெருமளவு அடங்கும். நான் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்பேன்.

எதை வைத்தாலும், ஷவரிலிருந்து வரும் நீரை விடப் பம்ப் வெளியேற்றும் நீர் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, ஏற்றமும் நீண்ட ஹோஸும் இல்லாத நிலையில் எடுத்தது. படகில் பொருத்திய பின் கிடைப்பது அதை விடக் குறையும்.

ஹோஸ் எங்கும் தொய்ந்து தொங்காமல் ஏறுமுகமாகச் செல்ல வேண்டும். உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் சுருங்கி ஒட்டிக்கொள்ளாத, உள்ளே கம்பிச்சுருள் உள்ள வகையாக இருக்க வேண்டும். உட்புறம் வழவழப்பாக இருந்தால் சோப்பு படியாது. 25 மி.மீ. ஹோஸில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் நீர் நிற்கும், 19 மி.மீ. ஹோஸில் கால் லிட்டருக்குச் சற்று அதிகம். பம்ப் நின்றதும் இந்த நீர் திரும்பி வர முயலும். டயாஃப்ரம் பம்பின் வால்வுகள் அதைத் தடுத்துவிடும். மையவிலக்குப் பம்பில் அப்படி எதுவும் இல்லை.

வெளியேறும் துளை நீர்மட்டக் கோட்டுக்கு மேலே, படகு சாய்ந்தாலும் சுமை ஏற்றினாலும் மூழ்காத உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரம் கிடைக்காத படகில், துளையோடு சேர்த்து மூடு வால்வும், ஹோஸை நீர்மட்டத்துக்கு வெகு மேலே கொண்டுபோய் இறக்கும் வளைவும், அதன் உச்சியில் காற்று நுழையும் வால்வும் இன்றியமையாதவை. இல்லையேல் வெளிநீர் சைஃபன் முறையில் உள்ளே ஏறும். ஆளில்லாத படகு மூழ்குவதற்கு அது போதும். ஃபைபர் கிளாஸ் உடலுக்குள் மரமோ நுரையோ உள்ளீடாக இருந்தால், துளையைச் சுற்றியுள்ள உள்ளீட்டைச் சுரண்டி எபாக்சி நிரப்பிய பிறகே பொருத்தியை மாட்ட வேண்டும். குளித்த நீரைப் பில்ஜுக்குள் (படகின் உட்புற அடிப்பள்ளத்துக்குள்) விட்டு, பில்ஜ் பம்ப் பார்த்துக்கொள்ளும் என்று விடுவது மிகக் கெட்ட வழக்கம்: எஃகு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப்போகும், படகைக் காப்பாற்ற வேண்டிய பம்ப்பை முடி அடைத்துவிடும். குளித்த நீரை வெளியே விடவே அனுமதிக்காத நீர்நிலைகளும் உள்ளன. அங்கு ஹோஸைச் சேமிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பொருத்துதல்

தட்டு உட்காரப்போகும் இடத்தின் கீழ்ப்பகுதியை மறுபடி பார்க்கப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆகவே துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, காற்றோட்டத்துக்கு வழிவிட்டு, அதன் பிறகே மேலே மூட வேண்டும். தரைத் தாங்கிகள் மீது 18 மி.மீ. கடல்தரப் பிளைவுட் பலகையை, இரு முகமும் ஓரங்களும் எபாக்சி பூசி, திருகி இறக்க வேண்டும். எஃகுப் படகின் உடலில் நேரடியாகத் துளையிட்டு எதையும் பிடிக்கக் கூடாது. தட்டின் இயல்பான வாட்டம் போதாது என்று முன்னரே தெரிந்திருந்தால், அதைத் திருத்த வேண்டிய இடம் இந்தப் பலகைதான்: கீழே ஆப்பு வடிவக் கட்டைகள் வைத்து, வடிகால் பக்கம் தாழுமாறு அமைத்துக்கொள்ளலாம்.

பிறகு பசை எதுவும் இல்லாமல் தட்டை இறக்கி, வடிகாலுக்குக் குறியிட்டு வெட்டி, ஹோஸைத் தற்காலிகமாக இணைத்து, ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். படகு மிதக்கும் நிலையில் செய்யப்படும் இந்தச் சோதனை எந்த ரசமட்டத்தையும் விட நம்பகமானது. நீர் ஒரு மூலையில் நின்றால், திருத்துவது இப்போது எளிது. ஒட்டிய பிறகு தட்டை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

வீட்டில் செய்வது போல் சிமெண்ட் கலவை பரப்பி உட்காரவைப்பது படகுக்கு ஒத்துவராது. படகு நெளியும், எஞ்சின் அதிரும். கலவை பொடிந்து தட்டு ஆடத் தொடங்கும். நெகிழ்வுத்தன்மையுள்ள பசையைத் தட்டின் அடியில் நெருக்கமான கோடுகளாக இட்டு அழுத்துவதே முறை. ஆனால் பாலிசல்பைடு பசைகளும் சில பாலியூரித்தேன் பசைகளும் அக்ரிலிக்கையும் ஏபிஎஸ்ஸையும் அரித்து விரிசல் விடச் செய்பவை. பசைக்குழாயின் மேல் அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஊதிப் பெருகும் நுரையை அடியில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது காயும்போது தட்டை ஒரு பக்கம் தூக்கிவிடும், அரும்பாடுபட்டு அமைத்த வாட்டம் போய்விடும். பசை காயும்வரை தட்டின் மேல் நீர்க்கேன்களை வைத்து அழுத்திவைக்க வேண்டும்.

வடிகாலின் ரப்பர் வாஷரைத் தட்டுக்கு மேலா கீழா எங்கே போட வேண்டும் என்பது வகைக்கு வகை மாறும், உடன் வரும் படத்தைப் பார்ப்பதே நல்லது. கையால் இறுக்கி அதன் மேல் கால் சுற்று போதும். அதற்கு மேல் முறுக்கினால் அக்ரிலிக் வெடிக்கும்.

சுவர்ப் பலகைகள் தட்டின் மடிந்த விளிம்புக்கு முன்னால், அதன் மேல் கவிந்து இறங்க வேண்டும். சுவரில் வழியும் நீர், அடைப்பே பழுதானாலும், தட்டுக்குள்தான் விழ வேண்டும். பலகையின் கீழ்முனையைத் தட்டில் முட்டவிடாமல் சில மி.மீ. இடைவெளி விட்டு அதில் சிலிகான் நிரப்பினால், படகு நெளியும்போது அந்தப் பட்டை இழுபட்டுக் கொடுக்கும். நிரப்புவதற்கு முன் தட்டில் எடை ஏற்றி, காயும்வரை அப்படியே விட வேண்டும்; காலியான தட்டில் பூசிய சிலிகான், ஆள் ஏறி நின்றதும் விளிம்பில் பிய்ந்துகொள்ளும். வினிகர் வாடை வீசும் சிலிகான் உலோகத்தை அரிப்பதால், நடுநிலை வகையையே வாங்க வேண்டும்.

பம்ப்புக்கான மின்கம்பியின் தடிமனை மின்கலத்துக்குப் போய்த் திரும்பும் மொத்த நீளத்தை வைத்துக் கணக்கிட்டு, பம்ப் கையேடு சொல்லும் ஃபியூஸைப் போட வேண்டும். ஸ்விட்ச் நீர் தெறிக்காத இடத்தில், ஆனால் குளிப்பவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருப்பது நல்லது. வடிகாலுக்கும் பம்ப்புக்கும் இடையில், கருவி இல்லாமல் திறந்து கழுவக்கூடிய முடிச் சல்லடை ஒன்றையும், அதை அடைய ஒரு சிறு கதவையும் வைக்க வேண்டும். உறைபனி விழும் இடங்களில், படகைக் குளிர்காலத்துக்கு மூடும் முன் தட்டைத் துடைத்து, பம்ப்பைச் சிறிது நேரம் வறண்டு ஓடவிட்டு, பம்ப்பின் இரு பக்க ஹோஸ்களையும் கழற்றித் தொங்கவிட்டால், உள்ளே தங்கிய நீர் உறைந்து பம்ப்பின் தலையைப் பிளக்காது.