அரசவை மனிதர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரித்திரக் கதை, பட்டிமன்றம், யூடியூப் காணொளி என எதை எடுத்தாலும் அரசனைச் சுற்றி இருந்தவர்களுக்கு இரண்டே வேடங்கள்தான். ஒன்று, எதற்கெடுத்தாலும் ஜால்ரா போடும் புலவர். இன்னொன்று, தூணுக்குப் பின்னால் நின்று சதி செய்யும் மந்திரி. அவர்கள் தினமும் பார்த்த வேலை என்ன, அரசனிடம் எதைப் பேச முடிந்தது, எதைப் பேச முடியவில்லை என்பதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. நம் பாடல்களிலும் கல்வெட்டுகளிலும் அந்த வேலை கண்முன்னே கிடக்கிறது. அதைப் பார்க்காமல் எழுதினால் சில தவறுகள் திரும்பத் திரும்ப வரும்.

பரிசில் வாங்கிய புலவர்கள் எல்லோரும் முகத்துதி பாடியவர்கள் என்று எழுதுவதுதான் முதல் தவறு. புறநானூற்றை நாலு பக்கம் புரட்டினாலே இது நிற்காது. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடுகிறார். புகழ்ச்சியோடு தொடங்கும் பாட்டு, படை தரும் வெற்றியே உழுகிறவனின் ஏர் தந்த பயன்தான் என்று சொல்லி, குடிகளைக் காக்கச் சொல்லும் இடத்தில் வந்து நிற்கிறது. பாட்டின் அடிக்குறிப்பு அவர் வாங்கியது என்ன என்று சொல்கிறது: பழைய நிலவரிக் கடன் தள்ளுபடி. தகடூர்த் தலைவன் அதியமான் தன்னை நேரில் பார்க்காமல் பரிசில் கொடுத்தனுப்பியதும் பெருஞ்சித்திரனார், "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று மறுத்துவிட்டார். கையில் காசில்லாதவர் சொன்ன வார்த்தை அது என்பதை மறக்கக் கூடாது.

கோவூர்கிழார் செய்தது இன்னும் பெரிது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று நினைத்து, நலங்கிள்ளிக்குப் பகையான இன்னொரு சோழன் நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான். கோவூர்கிழார் போய், பறவை போலப் பல காடு கடந்து வந்து, தெரிந்ததைப் பாடி, கிடைத்ததைச் சுற்றத்துக்குக் கொடுத்து உண்ணும் இந்தப் பிழைப்பு யாருக்குக் கேடு செய்யும் என்று கேட்டு அவனை மீட்கிறார். மலையமான் என்ற குறுநிலத் தலைவனின் பிள்ளைகளைக் கிள்ளிவளவன் யானைக் காலில் இடறப்போனபோது தடுத்ததும் இவரே. அவரைத் துதிபாடி என்று ஒரே சொல்லில் முடிப்பது அநியாயம்.

இதோடு ஒட்டிய குழப்பம் ஒன்று. சங்கப் புலவர்களை அப்படியே அவைக்களப் புலவர் ஆக்கிவிடுகிறோம். அவர்களில் பலர் ஊர் ஊராகப் போனவர்கள். ஒரு வாசல் அடைத்தால் வேறு வாசல் உண்டு. விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் ராஜராஜன் என்று மூன்று சோழர்களை அடுத்தடுத்துப் பாடிய அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தரின் நிலை வேறு. அந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் இருவரையும் தப்பாகவே படிப்போம்.

அப்புறம், குறள். "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க" (தீக்காய்கிறவர் போல ரொம்ப விலகாமலும் ரொம்ப நெருங்காமலும் இரு) என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, பெரிய மனிதர்களிடம் நைச்சியமாக நடந்துகொள்ளும் உபாயமாக மேடையில் விளக்குகிறார்கள். அந்தக் குறள் இருப்பது மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்தில். அரசன் முன்னால் அடுத்தவர் காதில் கிசுகிசுக்காதே, சேர்ந்து சிரிக்காதே, பழைய பழக்கம் என்று நினைத்து வரம்பு மீறாதே என்று நடைமுறை ஒழுங்கையெல்லாம் சொல்கிற அதிகாரம் அது. ஆனால் ஆறு அதிகாரம் முன்னால், அமைச்சு அதிகாரத்தில், "அறிகொன்று அறியான் எனினும் உறுதி உழையிருந்தான் கூறல் கடன்" என்று வருகிறது. சொல்கிறவரின் அறிவை அழித்து, தானும் அறியாதவனாக அரசன் இருந்தாலும், பக்கத்தில் இருப்பவன் நல்லதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த இடைவெளி எதற்கு என்று புரியும். தள்ளி நிற்பது உயிர் பிழைக்க மட்டும் இல்லை, உண்மையைச் சொல்லும் இடத்தை இழக்காமல் இருக்கவும்தான்.

சோழர் காலத்துக்கு வந்தால் அடிக்கடி வரும் தவறு, பட்டத்தைப் பெயராக எடுத்துக்கொள்வது. மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவரையன், காலிங்கராயன் என்பவை அரசன் கொடுத்த பட்டங்கள். ஒரே பட்டத்தோடு பல பேர் இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த சேனாபதி, கிருஷ்ணன் ராமனான மும்முடிச்சோழ பிரமமாராயன். 'ஆன' என்பதற்கு முன்னால் இருப்பது ஆளின் பெயர், பின்னால் வருவது பட்டம்.

இது ஏதோ கல்வெட்டுக்காரர்களின் நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டைப் பாருங்கள். ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் சொத்துகளைப் பற்றியது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. கதைகளில் இவர்கள் காட்டிலும் இருட்டிலும் திரியும் வெளியாட்கள். கல்வெட்டிலோ, ஒருவர் பட்டத்திலேயே சோழனின் பெயர் இருக்கிறது. பட்டம் பெற்ற அதிகார வட்டத்துக்குள்ளிருந்தே கொலை வந்திருக்கிறது என்ற கேள்வியை அந்த ஒரு சொல் எழுப்புகிறது. அதைப் பெயர் என்று தாண்டிப் போனால் கேள்வியே எழாது.

கர்ணபரம்பரைக் கதையை வரலாறாகச் சொல்வது அடுத்தது. கம்பரும் ஒட்டக்கூத்தரும் போட்டி போட்டது, ஒட்டக்கூத்தர் புகழேந்தியைச் சிறையில் போட்டது எல்லாம் சுவையான கதைகள். இவற்றில் பல விநோதரசமஞ்சரி போன்ற 19ஆம் நூற்றாண்டு நூல்கள் வழியாகத்தான் இன்று நம்மிடம் இருக்கின்றன. பீர்பாலும் அப்படித்தான். சிரிப்புக் கதைகளில் வாழும் அவர், 1586இல் வடமேற்கு எல்லையில் அக்பரின் படையோடு போய் யூசுப்சாய் என்ற பழங்குடியினரோடு நடந்த போரில் இறந்தவர். கதையைக் கதை என்று சொல்லிச் சொன்னால் போதும்.

பெண்களை அந்தப்புரத்தில் அடைத்துவிடுவதும் தவறு. அதியமானுக்காகக் காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசி, காவலில் இருக்கின்றன, அதியமானிடமோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். மிரட்டலை மரியாதையாகச் சொல்லத் தெரிந்த தூதர் அவர். திருவாரூரில் முதலாம் ராஜேந்திரனின் அணுக்கியார் (நெருக்கமான துணைவி) பரவை நங்கை கோயிலுக்குப் பொன் வேய்ந்தார். அரசனும் அவரும் நின்று வழிபட்ட இடம் தெரிய அங்கே ஒரு குத்துவிளக்கும் வைக்கப்பட்டது. கல்வெட்டு இதை ஒளிக்கவில்லை.

கடைசியாக, நாவல் எழுதுகிறவர்களுக்கு. அரசன் கையை உயர்த்தி "அப்படியே ஆகட்டும்" என்றதும் எல்லாம் நடந்துவிடும் காட்சியை விட்டுவிடுங்கள். கலிங்கத்துப்பரணியில் போருக்குக் காரணமே, யார் திறை கட்டவில்லை என்று முதலாம் குலோத்துங்கன் கேட்க ஓலை அதிகாரி கணக்குச் சொல்வதுதான். படையோடு போனவர் தளபதி கருணாகரத் தொண்டைமான். அரசன் காஞ்சியிலேயே இருந்தான். நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுக்க ராஜராஜன் வாயால் சொன்னது 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாள். அதை ஓலையில் எழுதியவர், சரிபார்த்த ஓலைநாயகங்கள் என்ற மேலதிகாரிகள், வரிப்புத்தகத்தில் பதிந்தவர்கள், எல்லை காட்டப் பெண் யானையோடு சுற்றி வந்த ஊரார் என்று வேலை நீள்கிறது. ஊரார் ஆவணம் எழுதிக் கொடுத்தபோது 23ஆம் ஆண்டு ஆகியிருந்தது. அந்த வாய்ச்சொல்லுக்கும் ஆவணத்துக்கும் இடையில் எத்தனை கைகள், எத்தனை செல்வாக்கு, எத்தனை தாமதம்! அரசவைக் கதை வேண்டுமென்றால் அங்கே போய்த் தேடுங்கள்.