பேய் காமெடிப் படத்துக்குப் போகிறீர்களா? இந்தத் தப்புகளைச் செய்யாதீர்கள்

நைட் ஷிப்ட் முடித்த கையோடு எங்கள் ஆபீஸ் பையன்கள் மூன்று பேர் போன வாரம் ஒரு பேய் காமெடிப் படத்துக்குப் போனார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மால், செவ்வாய்க்கிழமை, காலைக் காட்சி. மறுநாள் வந்து “செம மொக்கை அண்ணா” என்றார்கள். தியேட்டரில் எத்தனை பேர் என்று கேட்டேன். “எங்களோட சேர்த்து ஒன்பது” என்றான் ஒருவன், ஏதோ சலுகை கிடைத்த மாதிரி.

2007-இல் ‘முனி’ வந்ததிலிருந்து இந்த வகைப் படங்களைத் தியேட்டரில் பார்த்து வருகிறேன். ‘காஞ்சனா’ 2011. ‘யாமிருக்க பயமே’வும் முதல் ‘அரண்மனை’யும் 2014-இல் வந்தன. அந்த வருஷத்துக்கு அப்புறம் ஊரில் பேய் இல்லாத ஒரு பங்களாவும் மிச்சமில்லை. இந்தப் பையன்கள் செய்ததை எல்லாம் நானும் செய்திருக்கிறேன். செல்போனை அணையுங்கள், நேரத்துக்குப் போங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

கூட்டம் இல்லாத காட்சிக்கு டிக்கெட் எடுப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் காசு போனது என்னுடையது. சில வருஷங்களுக்கு முன்னால் அம்மா, அக்கா, அக்கா பிள்ளைகள் இரண்டு பேர், நான். “நெரிசல் இல்லாம நிம்மதியா பார்க்கலாம்” என்று நானே முடிவுசெய்து, ஒரு புதன்கிழமை மதியக் காட்சிக்குச் சாய்ந்து படுக்கிற சீட்டாகப் பார்த்து எடுத்தேன். டிக்கெட், ஆன்லைன் கட்டணம், இரண்டு பெரிய பாப்கார்ன், போக வர கார் எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தொட்டது. உள்ளே போனால் மொத்தம் பதினோரு பேர். ஏசி குளிரில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார்.

படத்தில் ஒரு இடம். கதாநாயகி கையில் மெழுகுவத்தியோடு இருட்டு வராந்தாவில் நடந்து போவார். இசை நின்றுவிடும். மூன்று நான்கு விநாடி ஒன்றுமே கேட்காது. எங்கள் ஹாலில் ஏசி ஓடுகிற சத்தமும் அக்கா மகன் ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற சத்தமும் தெளிவாகக் கேட்டன. அப்புறம் ‘டமார்’. பூனை. யாரும் கத்தவில்லை, யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் மணி பார்த்தார்.

அந்த வாரமே சனிக்கிழமை இரவு, ஆபீஸ் நண்பர்கள் இழுத்ததால் அதே படத்துக்கு வேண்டாவெறுப்பாகப் போனேன். கோயம்பேடு ரோகிணி. ஹவுஸ்ஃபுல். அதே வராந்தா, அதே மெழுகுவத்தி, அதே அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “யம்மா, சுவிட்சைப் போட்டுட்டுப் போம்மா!” ஹால் மொத்தமும் சிரித்தது. இடது பக்கத்திலிருந்து இன்னொருவர்: “ஈ.பி. பில் கட்டல போல!” அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ‘டமார்’. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். கத்தியதை நினைத்து மறுபடி சிரித்தார்கள். என் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்திருந்தார். “சாரி பாஸ்” என்று விட்டுவிட்டு, அடுத்த பேய்க்கு மறுபடி பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபின்தான் விஷயம் உறைத்தது. இந்தப் படங்களில் ஒவ்வொரு ஜோக்குக்கும் பின்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். காமெடியன் ஒரு வரி சொல்வார், அடுத்தவர் முகத்தைக் காட்டுவார்கள், அதற்கப்புறம்தான் அடுத்த வரி. அந்த இடம் தியேட்டர் சிரிப்பதற்காக. சிரிக்க ஆள் இல்லையென்றால் படம் ‘ஜவ்வு மாதிரி இழுக்கிறது’ என்பீர்கள். பயத்துக்கும் இதே கணக்குதான். சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் தூக்கிப் போடுவது பழைய வித்தை. பக்கத்தில் ஒருத்தர் துள்ளினால்தான் உங்களுக்கும் தூக்கிவாரிப் போடும். ஒன்பது பேர் ஒன்பது மூலையில் உட்கார்ந்திருந்தால் பேய் என்ன செய்யும், பாவம்.

அதனால் சீட்டைப் பார்க்காதீர்கள், காட்சியைப் பாருங்கள். முதல் வெள்ளி, சனி இரவு, இல்லையென்றால் ஞாயிறு மாலை. புக்கிங் ஆப்பில் முக்கால்வாசி சீட் நிறைந்திருக்கிற காட்சியாகத் தேடி எடுங்கள். கிடைப்பது முன்வரிசையாக இருந்தாலும் பரவாயில்லை, கழுத்து வலி இரண்டு நாளில் போய்விடும். கோயம்பேடு ரோகிணி, வடபழனி கமலா, குரோம்பேட்டை வெற்றி மாதிரி ஏரியாக்காரர்கள் திரண்டு வருகிற தியேட்டர் என்றால் இன்னும் நல்லது. அண்ணா சாலை சாந்தி 2016-இல் மூடியது, அசோக் நகர் உதயம் 2024-இல் போனது. இருக்கிறவற்றுக்காவது போய்க்கொள்வோம்.

லாஜிக் கேட்பது

பேய் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டுதானே டிக்கெட் வாங்கினீர்கள்?

ஃப்ளாஷ்பேக் வந்ததும் எழுந்து வெளியே போவது

காமெடி முடிந்தது, இனி அழுவாச்சிதான் என்று பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கக் கிளம்புகிற நேரம் இது. ஆனால் தமிழ்ப் பேய்க்கு எப்போதும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்கிற இடம் இதுதான். ‘காஞ்சனா’வில் அதுவரை அம்மா இடுப்பில் ஏறிக்கொள்கிற ராகவா லாரன்ஸையும் கோவை சரளாவையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த தியேட்டர், திருநங்கையாக சரத்குமார் வந்ததும் அப்படியே அடங்கியது. ஒரு விசில்கூட இல்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தவறவிட்டால் கிளைமாக்ஸில் சாமியும் பேயும் ஏன் மல்லுக்கட்டுகின்றன என்று பக்கத்துச் சீட்டில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பக்கத்துச் சீட்டில் இருப்பது நானாக இருந்தால் சொல்லமாட்டேன்.

பயப்படாத மாதிரி நடிப்பது

இருட்டில் யாரும் உங்களைப் பார்க்கவில்லை. கத்துங்கள்.

காமெடிதானே என்று குட்டிப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது

2024-இல் வந்த விதிகளின்படி யு/ஏ சான்றிதழையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். அக்காவின் சின்ன மகன் அந்தப் பதினோரு பேர் காட்சியைப் பார்த்தே ஒரு மாதம் பாத்ரூமுக்குத் துணை கேட்டான். அந்தத் துணை நான்தான்.

டிரெய்லரை ஏழு தடவை பார்த்துவிட்டுப் போவது

இருக்கிற நல்ல ஜோக் நான்கும் அதிலேயே போயிருக்கும்.

ஆட்டோக்காரரிடம் கதை சொல்வது

இரவுக் காட்சி விடும்போது மணி ஒன்றாகிவிடும். மெட்ரோ 11 மணியோடு சரி. ஆட்டோதான் கதி. அந்த ரோகிணி இரவில் எனக்குக் கிடைத்தவர் பெரியவர், நல்ல பேச்சுக்காரர். “இன்னா படம் சார்?” என்றார். நானும் உற்சாகத்தில், காலியாக இருக்கிற பின்சீட்டில் பேய் வந்து உட்காருகிற காட்சியை முழுசாகச் சொல்லிவிட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். அரும்பாக்கம் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைத் திருப்பி, என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். “நீ முன்னால வந்து உட்காரு சார்” என்றார்.