லீவுக்காரருக்குப் பதில் யார் நிற்பது? ஒரு கொப்பியில் தீர்ந்த சண்டை

இலங்கையின் கல்முனையில் நான் மேற்பார்வை பார்க்கும் கடையில் யார் லீவு போட்டாலும், பதில் ஷிப்ட் எப்போதும் அதே இரண்டு மூன்று பேரின் தலையில்தான் விழும். முகம் கறுத்து, கடைசியில் பேச்சே நின்றுபோனது.

விரும்பியவர் வரட்டும் என்று விட்டோம், ஒருவரும் வரவில்லை. சீட்டுக் குலுக்கினோம். பெருநாளுக்கு முந்தின இரவு ஒரு முஸ்லிம் தம்பிக்கு விழுந்தது, அத்தோடு அதுவும் போச்சு. ஓவர்டைம் காசு சரிக்கட்டும் என்றார்கள். 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி ஒன்றரை மடங்கு எப்படியும் கொடுக்கவேண்டியதுதானே, அது சலுகையா?

அப்புறம் லீவுக் கொப்பியைப் புரட்டினேன். வராதவர் பெயரெல்லாம் இருந்தது. பதிலுக்கு நின்றவர் பெயர் எங்குமே இல்லை. இன்னொன்று, பதில் ஆளைக் கூப்பிடப் போன் எடுப்பவர் எப்போதும் பட்டியலின் மேலிருந்தே தொடங்குவார். பட்டியலோ வேலைக்குச் சேர்ந்த வரிசையில் இருந்தது. அதனால்தான் பழைய ஆக்களே மாட்டினார்கள்.

இப்போது பதிலுக்கு நின்றவர் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும். மறுத்தவர் மேலேயே இருப்பார். வெள்ளி மதியம் ஜும்ஆத் தொழுகைக்குப் போகாதவர் நிற்பார், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவற்றைக் கொண்டாடாதவர். இரவு கடை அடைக்க நின்றவரை அடுத்த சுற்றில் ஒருமுறை தாண்டிவிடுவோம். தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்வது மட்டும் கணக்கில் வராது. அதற்கு இன்னும் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கிறது.