தொனியா, பேச்சா? தொலைபேசி இணைப்பில் கண்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தானியங்கித் தொலைபேசிச் சேவையை அழைத்தவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். பொத்தானை அவர் தொடவே இல்லை. ஆனால் மறுமுனையில் இருக்கும் கணினி "1 அழுத்தப்பட்டது" என்று முடிவெடுத்து அழைப்பை வேறெங்கோ அனுப்பிவிடுகிறது. அவருடைய குரலே பொத்தான் ஒலியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தொலைபேசித் துறையில் இதற்கு 'டாக்-ஆஃப்' என்று பெயர். இதற்கு நேர்மாறானது 'டாக்-டவுன்': உண்மையிலேயே பொத்தானை அழுத்துகிறார்கள், ஆனால் அதோடு சேர்ந்து ஒலிக்கும் பேச்சில் அந்தத் தொனி அமுங்கிப்போகிறது.

இந்த இரண்டு பிழைகளில் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். ஆனாலும் பல நிரல்கள் இரண்டிலுமே தேவையில்லாமல் தடுமாறுகின்றன. அவற்றைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே குறைதான் தெரிகிறது. "தொனி இருக்கிறதா?" என்று நிரல் தேடுகிறது, "தொனியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்பதே இல்லை. பேச்சையும் தொனியையும் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவது கேள்விதான்.

எட்டு அதிர்வெண்களை மட்டும் பார்ப்பது

பொத்தான் தொலைபேசியின் தொனி முறை, அதாவது டிடிஎம்எஃப், 1963 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு தொனிகளை ஒன்றாக ஒலிக்கிறது. கீழ்த்தொகுதியில் 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். மேல்தொகுதியில் 1209, 1336, 1477, 1633 ஹெர்ட்ஸ். ஒன்று மற்றொன்றின் மடங்காக அமையாதபடி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண்கள் இவை.

1958-இல் ஜெரால்டு கோர்ட்செல் வெளியிட்ட வழிமுறையைக் கொண்டு இந்த எட்டு இடங்களிலும் உள்ள ஆற்றலை மிக மலிவாகக் கணக்கிட்டுவிடலாம். புதிதாக எழுதுபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கீழ்த்தொகுதியில் ஒன்று, மேல்தொகுதியில் ஒன்று என்று வரம்பைத் தாண்டினால் போதும், பொத்தான் என்று அறிவித்துவிடுகிறார்கள்.

இது எங்கே உடைகிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவருடைய குரலின் அடிப்படை அதிர்வெண் 173.5 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மனிதக் குரலுக்கு இது மிக இயல்பான அளவு. அவர் "ஆ" என்று நீட்டும்போது அந்த அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும், அதாவது சீரிசைகளும், சேர்ந்தே ஒலிக்கின்றன. நான்காவது சீரிசை 694 ஹெர்ட்ஸ், ஏழாவது 1214.5 ஹெர்ட்ஸ். 697, 1209 ஆகியவற்றிலிருந்து இவை அரை சதவீதம்கூட விலகவில்லை. தொனி ஏற்பிகளோ, அதாவது தொனியைக் கண்டறியும் கருவிகளோ நிரல்களோ, 1.5 சதவீத விலகல் வரை ஏற்றாக வேண்டும். போதாக்குறைக்கு, "ஆ" என்னும் உயிரொலியின் முதல் இரண்டு ஒத்ததிர்வுகளும் ஏறத்தாழ இதே இடங்களில்தான் விழுகின்றன. வாயே அந்த இரண்டு சீரிசைகளையும் உரக்க ஒலிக்க வைக்கிறது. கணினிக்கு இது பொத்தான் 1. குரலை 192-க்கு உயர்த்தினால் பொத்தான் 5. 212-க்கு உயர்த்தினால் 9. மூன்றிலும் மேல்தொனிக்கும் கீழ்த்தொனிக்கும் உள்ள விகிதம் ஏழுக்கு நான்கை ஒட்டியே இருக்கிறது.

ஆனால் அதே "ஆ"-வில் 520-இலும் 867-இலும் 1041-இலும் கூட ஆற்றல் இருக்கிறது. உண்மையான பொத்தான் ஒலியில் அந்த இடங்கள் ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். எனவே ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டின் மொத்த ஆற்றலையும் கணக்கிட்டு, அதில் பெரும்பங்கு கண்டறிந்த இரண்டு தொனிகளுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரே சோதனை பேச்சினால் வரும் போலித் தொனிகளில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடும். இதை விட்டுவிட்டு வேறு எந்த நுணுக்கத்தைச் சேர்த்தாலும் பயன் குறைவு.

இரண்டாவது சோதனை, கண்டறிந்த அதிர்வெண்ணின் இருமடங்கில் பார்ப்பது. 694-இல் சீரிசை உள்ள குரலுக்கு 1388-இலும் இருக்கும். பொத்தானின் 697-க்கு 1394-இல் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் இதை மிகக் கடுமையாக்கவும் கூடாது. அளவுக்கு மீறிய ஒலியால் இணைப்பில் அலைகள் வெட்டுப்பட்டால், உண்மைத் தொனியிலும் மடங்குகள் முளைத்துவிடும்.

இந்தக் காவல் ஏற்பாடு புதிதல்ல. பழைய தொலைதூர இணைப்புகளில் 2600 ஹெர்ட்ஸ் தொனி ஒலித்தால் இணைப்பு காலியாக இருக்கிறது என்று பொருள். பேச்சில் 2600 தற்செயலாக வந்து அழைப்பு அறுந்துவிடாமல் இருக்க, பிற அதிர்வெண்களில் ஆற்றல் இருந்தால் அந்தத் தொனியைப் புறக்கணிக்கும் சுற்றைப் பொறியாளர்கள் சேர்த்தார்கள். பேச்சை அது தடுத்தது. தொலைபேசி இணைப்புகளைச் சீழ்க்கையால் ஏமாற்றிப் பெயர்பெற்ற அமெரிக்கர் ஜோ எங்ரெசியா வாயால் அடித்த சீழ்க்கையைத் தடுக்க முடியவில்லை. சீழ்க்கை கிட்டத்தட்டத் தூய ஒற்றைத் தொனி என்பதால் காவல் சுற்றுக்குக் காட்டிக்கொடுக்க அதில் வேறெதுவும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு தொனி வேண்டும் என்ற டிடிஎம்எஃப்-இன் விதி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

துண்டின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது

பாடநூல்களிலும் மாதிரி நிரல்களிலும் 205 என்ற எண் அடிக்கடி வரும். நொடிக்கு 8000 மாதிரிகள் (ஒலியலையின் அளவீடுகள்) என்ற தொலைபேசி வேகத்தில் 205 மாதிரிகள் என்றால் 25.6 மில்லிநொடி. அதிர்வெண் பிரிப்பு, அதாவது பிரித்தறியக்கூடிய இடைவெளி, சுமார் 39 ஹெர்ட்ஸ். நல்ல எண்தான், ஆனால் அதோடு இரண்டு பொறிகள் வருகின்றன.

முதலாவது, அதிர்வெண்ணை அந்த 39 ஹெர்ட்ஸ் அகலக் கட்டங்களில் எண்ணி, முழு எண் கட்டத்துக்குச் சுருக்குவது. 205-ஐ வைத்துக் கணக்கிட்டால் 770 ஹெர்ட்ஸ் விழும் கட்டம் 19.7. அதை 20 ஆக்கினால் நிரல் உண்மையில் தேடுவது 780.5 ஹெர்ட்ஸை. பொத்தான் 1.5 சதவீதம் தாழ்ந்து 758-இல் ஒலித்தால், தேடும் இடத்துக்கும் ஒலிக்கும் இடத்துக்கும் 22 ஹெர்ட்ஸ் இடைவெளி. அரைக் கட்டத்துக்கும் மேல். செல்லுபடியான தொனி காரணமே இல்லாமல் வலுவிழக்கிறது. கோர்ட்செல் வழிமுறைக்கு முழு எண் தேவையே இல்லை. 770 என்று அப்படியே கொடுக்கலாம்.

இரண்டாவது, நேரக் கணக்கு. 40 மில்லிநொடி நீடிக்கும் தொனியை ஏற்பி ஏற்க வேண்டும், 23 மில்லிநொடிக்குள் முடிவதைத் தள்ள வேண்டும் என்பது வட அமெரிக்க நடைமுறை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் க்யூ.24 பரிந்துரையிலும் அது பதிவாகியிருக்கிறது. தொனி நம் துண்டின் தொடக்கத்தில்தான் தொடங்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. 25.6 மில்லிநொடித் துண்டு ஒன்றாவது முழுக்கத் தொனியால் நிரம்ப வேண்டுமானால், மோசமான நிலையில் தொனி 51 மில்லிநொடி நீடிக்க வேண்டும். 40 போதாது. துண்டை 102 மாதிரியாக, அதாவது 12.75 மில்லிநொடியாகக் குறைத்தால் மூன்று துண்டுகள் சேர்ந்து 38.25 மில்லிநொடி; 40 மில்லிநொடித் தொனி எங்கே தொடங்கினாலும் இரண்டு முழுத் துண்டுகளை நிரப்பியே தீரும். தொடர்ந்து இரண்டு துண்டுகள் ஒரே பொத்தானைக் காட்ட வேண்டும் என்று அப்போது நிம்மதியாகக் கேட்கலாம்.

இதற்கு விலை உண்டு. பிரிப்பு 78 ஹெர்ட்ஸாக மங்குகிறது. 697-க்கும் 770-க்கும் இடையே இருப்பதே 73 ஹெர்ட்ஸ்தான். 3.5 சதவீதத்துக்கு மேல் விலகிய தொனியைத் தள்ள வேண்டும் என்ற விதியை இவ்வளவு மங்கலான கண்ணாடியால் நேரடியாக நிறைவேற்ற முடியாது. அடுத்தடுத்த துண்டுகளில் தொனியின் அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் அதிர்வெண்ணைக் கூர்மையாக அறியலாம். பேச்சைப் பிடித்துக்கொடுப்பதிலும் இது வல்லது. நம் எடுத்துக்காட்டுக் குரல் 173.5-இலிருந்து 177-க்கு இலேசாக ஏறினாலே நான்காவது சீரிசை 708-க்கும் ஏழாவது 1239-க்கும் ஓடிவிடும். பேசும் குரல் ஓரிடத்தில் நிற்பது அரிது. பொத்தான் ஒலி அசையாது.

ஒலியளவை நம்புவது

நிலையான ஒரு வரம்பை வைத்து "இதற்கு மேல் என்றால் தொனி" என்பது இன்னொரு வழக்கமான பிழை. ஏற்க வேண்டிய தொனிகளின் அளவு சுமார் 25 டெசிபல் வரை மாறுபடலாம். ஆற்றலில் அது முந்நூறு மடங்குக்கும் மேல். வரம்பு எப்போதும் அந்தத் துண்டின் மொத்த ஆற்றலோடு ஒப்பிட்டதாகவே இருக்க வேண்டும். அடித்தளமாக ஒரு சிறு நிலையான வரம்பு, முழு அமைதியை ஒதுக்குவதற்கு மட்டும் போதும்.

இரண்டு தொனிகளும் சமமாக வரும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. நீண்ட கம்பிகள் உயர் அதிர்வெண்களை அதிகம் தேய்க்கின்றன. மேல்தொனி கீழ்த்தொனியைவிட 8 டெசிபல் வரை தாழ்ந்தும் 4 டெசிபல் வரை உயர்ந்தும் வரலாம் என்று அதே வட அமெரிக்க அளவுகோல் அனுமதிக்கிறது. இதைத் தாண்டிய ஏற்றத்தாழ்வைத் தயங்காமல் பேச்சு என்று ஒதுக்கலாம்.

தன் குரலையே கேட்டு ஏமாறுவது

அழைப்பவருக்கு நாம் ஒலிக்கவிடும் பதிவுக் குரல் எதிரொலியாகத் திரும்பி நம் ஏற்பிக்கே வருகிறது. அந்தப் பதிவில் ஒரு நீண்ட "ஆ" இருந்தால், ஒவ்வொரு அழைப்பிலும் அதே இடத்தில் அதே போலிப் பொத்தான் விழும். டாக்-டவுன் பெரும்பாலும் நேர்வதும் இங்கேதான்: பதிவு ஓடும்போதே அழைப்பவர் பொத்தானை அழுத்துகிறார், எதிரொலி தொனியை மறைக்கிறது. எதிரொலி நீக்கியைத் தொனி ஏற்பிக்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் அல்ல. முதல் அழுத்தத்தைச் சந்தேகித்த உடனேயே பதிவை நிறுத்திவிடுவது இன்னும் எளிய தீர்வு.

இணையவழிக் குரலில் பழைய பழக்கம்

ஜி.729 போன்ற குறைந்த பிட் வேகக் கோடெக்குகள், அதாவது குரலைச் சுருக்கி விரிக்கும் நிரல்கள், மனிதப் பேச்சை மாதிரியாக்கியே சுருக்குகின்றன. இரட்டைத் தொனி அவற்றின் வழியே போனால் சிதைந்து வெளியே வரும். எவ்வளவு நல்ல ஏற்பியாலும் அதை முழுக்க மீட்க முடியாது. அதனால்தான் பொத்தான் அழுத்தத்தை ஒலியாக அனுப்பாமல் தனி நிகழ்வுப் பொட்டலமாக அனுப்பும் முறை 2000-இல் ஆர்எஃப்சி 2833 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்து, 2006-இல் ஆர்எஃப்சி 4733 ஆகத் திருத்தப்பட்டது.

இரு முனைகளும் இதற்கு ஒப்புக்கொண்ட பிறகும் ஒலியில் தொனி தேடுவதை நிறுத்தாமல் விட்டால் ஒரே அழுத்தம் இரண்டாகப் பதிவாகும். நான்கு இலக்கக் கடவுச்சொல்லில் ஓர் இலக்கம் இரட்டித்தால் போதும், மனிதர் வெளியே நிற்பார். தொலைபேசி இணைப்பையும் இணையத்தையும் இணைக்கும் நுழைவாயில் கருவி தொனியை ஒலியிலிருந்து அகற்றச் சற்றுத் தாமதித்தாலும், அதன் தொடக்கத் துணுக்கு கசிந்து இதே கோளாறைத் தரும்.

எல்லாத் தொனிகளும் பொத்தான் அல்ல

அழைப்பு போகும்போது கேட்கும் தொனிகளை அதிர்வெண்ணை மட்டும் வைத்து அடையாளம் காண முயல்வது வீண். அமெரிக்காவில் மணியொலி 440, 480. பிரிட்டனில் 400, 450. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஒற்றை 425 ஹெர்ட்ஸ். இங்கே நம்பத் தகுந்தது தாளம். அமெரிக்க மணியொலி 2 நொடி ஒலித்து 4 நொடி அடங்கும். அங்கே பிஸி தொனி அரை நொடி ஒலித்து அரை நொடி அடங்கும். தொலைநகலின் அழைப்புத் தொனி 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி, பின் 3 நொடி அமைதி. இவ்வளவு ஒழுங்கான இடைவெளியில் யாரும் பேசுவதில்லை. மணியொலிக்குப் பதில் பாட்டு ஒலிக்கும் இணைப்புகளில் இந்தத் தாளமும் இருக்காது. அங்கே பாட்டை மனிதர் எடுத்துவிட்டதாகக் கருதாமல், இணைப்பு ஏற்கப்பட்டதை, வலையமைப்பு ஒலியாக அல்லாமல் தனியே அனுப்பும் சமிக்ஞைச் செய்தியிலிருந்து அறிவதே சரி.

தூய தொனியை மட்டும் வைத்துச் சோதிப்பது

கணினியிலேயே உருவாக்கிய பதினாறு சுத்தமான தொனிகளை ஊட்டி, பதினாறும் சரியாக வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவது மிகவும் ஆபத்தானது. டாக்-ஆஃப் சோதனைக்குத் தொனியே இல்லாத பதிவு வேண்டும். மணிக்கணக்கில் பேச்சு, பல வயதுக் குரல்கள், பாட்டு, சிரிப்பு, அழுகை என எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதற்கென்றே அமெரிக்கத் தொலைபேசித் துறையின் ஆய்வு நிறுவனமான பெல்கோர் பேச்சுப் பதிவுகளின் சோதனை நாடாக்களை வெளியிட்டிருந்தது.

துண்டு வாரியான துல்லியத்தைச் சொல்லி மகிழ்வதும் ஏமாற்றும். இயந்திரக் கற்றல் மாதிரிகளைப் பயன்படுத்துபவர்கள் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு மணி நேரப் பேச்சில் 25.6 மில்லிநொடித் துண்டுகள் சுமார் 1,40,000. அதில் 99 சதவீதம் சரி என்றால் 1,400 துண்டுகள் தவறு. மணிக்கு எத்தனை போலிப் பொத்தான்கள் என்று எண்ண வேண்டும்; அதே மாற்றத்துக்குப் பிறகு, பேச்சோடு கலந்த உண்மைத் தொனிகளில் எத்தனை தவறின என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒன்றை மட்டும் காட்டும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

சேவை ஓடத் தொடங்கிய பிறகு, சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு கண்டறிதலுக்கும் முன்னும் பின்னும் ஓரிரு நொடி ஒலியைச் சேமித்து வைத்தால் அடுத்த திருத்தத்துக்கு அதைவிட நல்ல சோதனைப் பொருள் கிடையாது. கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் கேட்கும் இடங்களில் மட்டும் இந்தச் சேமிப்பை அணைத்துவிடுங்கள். அந்தத் தொனிகளை யார் வேண்டுமானாலும் மீண்டும் எண்ணாக மாற்றிவிட முடியும்.